மூவாயிரம் துப்பாக்கியும் ஐந்நூறு ஆளும்

பகுதி 7

சென்ற பகுதியில் 1751-ஆம் ஆண்டு ரஞ்சன்குடிக் கோட்டையடியில் நடந்த மோதலைப் பார்த்தோம். ஆற்காட்டு நவாப் பதவிக்காகச் சந்தா சாகிப்பும் முகமது அலியும் மோதினார்கள். முன்னவருக்குப் பிரெஞ்சுக்காரரும் பின்னவருக்கு ஆங்கிலேயரும் துணை நின்றார்கள். கோட்டைத் தலைவன் இரு தரப்புக்கும் பிடிகொடுக்காமல் நாளைக் கடத்தினான். பொறுமையிழந்த ஆங்கிலத் தளபதி ஜிஞ்சன்ஸ் பேட்டையைத் தாக்கியதும் அவன் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தான். ஆங்கிலப் படை திகிலடைந்து கலைந்து, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியது. ஓராண்டு கழித்து அதே இடத்தில் நிலைமை தலைகீழானது. அந்த இரண்டாவது நிகழ்ச்சியைப் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் பதினெட்டாம் நூற்றாண்டைப் புரிந்துகொள்ள எனக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. எறையூரில் இருப்பவர்களுக்கு ரஞ்சன்குடி பக்கத்து ஊர்தான். கரும்பு வண்டிகளும் சென்னை நெடுஞ்சாலைப் பேருந்துகளும் நாள்தோறும் கடக்கும் அந்தப் பாறைக்கோட்டையின் அடிவாரத்தில்தான், தென்னாட்டின் போக்கை மாற்றிய ஒரு பெரும் ஆயுத இருப்பு எதிரியின் கைக்குப் போனது.

1752 கோடையில் பிரெஞ்சுத் தளபதி ழாக் லா, சந்தா சாகிப்போடு ஸ்ரீரங்கம் தீவில் முற்றுகைக்குள் சிக்கியிருந்தார். அவரை மீட்கப் புதுச்சேரி ஆளுநர் டூப்ளே ஆளும் ஆயுதமும் கொடுத்துத் தொத்தேய் என்ற தளபதியை அனுப்பினார். அந்த உதவிப் படை கொள்ளிடத்தை எட்டவே இல்லை. ஆங்கிலத் தளபதி கிளைவ் வழிமறித்துத் துரத்த, தொத்தேய் வாலிகண்டபுரத்துக்குத் திரும்பி, ஜூன் 9 அன்று அங்கேயே சரணடைந்தார். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம் எழுதிய நூலில் வாலிகண்டா என்று குறிக்கப்படும் இடம், இந்த ரஞ்சன்குடிக் கோட்டையும் அதைச் சுற்றிய பேட்டையும்தான். அன்று பிடிபட்டவற்றுக்கு ஆர்ம் தரும் கணக்கு இது: ஐரோப்பியர் 100, சிப்பாய்கள் 400, குதிரை வீரர் 340, பீரங்கிகள் 3, வெடிமருந்து 800 பீப்பாய், துப்பாக்கிகள் 3,000. சிப்பாய்களையும் குதிரை வீரர்களையும் வழக்கப்படி ஆயுதத்தைப் பறித்துக்கொண்டு விடுவித்துவிட்டார்கள். சில நாட்களில் ஸ்ரீரங்கத்தில் லாவும் சரணடைந்தார். சந்தா சாகிப் தலை வெட்டப்பட்டு இறந்தார்.

இந்தக் கணக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும். அங்கே கால்நடையாகச் சண்டையிடக்கூடியவர்கள் 500 பேர், துப்பாக்கிகளோ 3,000. ஆளுக்கு ஆறு. ஆகவே அவை தொத்தேயின் வீரர்கள் தோளில் சுமந்து போரிட்ட துப்பாக்கிகள் அல்ல. இனிமேல் திரட்டப்படவிருந்த சிப்பாய்களுக்காகக் கடல் கடந்து வந்து, புதுச்சேரியிலிருந்து வண்டியேறிய இருப்பாகவே இருக்க வேண்டும். மூவாயிரம் துப்பாக்கியும் 800 பீப்பாய் மருந்தும் கைவசம் இருந்த ஒரு தளபதி, அவற்றைப் பிடிக்க ஆளில்லாமல் தோற்றார். ஆள் வைத்திருந்த லா, அந்த இருப்பு வந்து சேராததால் தோற்றார். ஒரே வாரத்தில் நடந்த இரண்டு சரணடைவுகளும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன. துப்பாக்கியைப் பிடிப்பதும் வாங்குவதும் ஒரு வேலை; துப்பாக்கிப் படையை ஆண்டுக்கணக்கில் நடத்துவது முற்றிலும் வேறு வேலை. தமிழ்நாட்டின் பாளையங்கள் முதல் வேலையில் யாருக்கும் சளைத்தவை அல்ல. அவை அழிந்தது இரண்டாவது வேலைக்கான அடித்தளம் கம்பெனியிடம் மட்டும் சேர்ந்துபோனதால்தான். இதுவே இந்தப் பகுதியில் நான் நிறுவ விரும்புவது.

முதலில் அந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம். அது முகவாய் வழியாக மருந்தும் குண்டும் கெட்டிக்கும் வகை. விசையை இழுத்தால் சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசித் தீப்பொறி பறக்கும். அது கிண்ணியிலுள்ள மருந்தைப் பற்றவைக்கும். அந்தக் கல் சில பத்து வெடிகளுக்குள் மழுங்கிவிடும், மாற்றுக்கல் வேண்டும். விசையின் வில் ஒடிந்தால், எஃகைப் பதம் பார்த்துக் காய்ச்சத் தெரிந்த கொல்லர் வேண்டும். மருந்துக்கு முக்கால் பங்கு வெடியுப்பு, மீதிக்குக் கரியும் கந்தகமும். வெடியுப்பை உவர்மண்ணிலிருந்து தமிழ்நாட்டிலேயே காய்ச்சினார்கள், கரிக்குப் பஞ்சமில்லை, கந்தகம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். எல்லாவற்றையும்விடச் சிக்கலானது குண்டின் அளவு. ஆங்கிலப் படைத் துப்பாக்கியின் குழல் விட்டம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர்; பிரெஞ்சுத் துப்பாக்கியின் குழல் 17.5 மில்லிமீட்டர். பிரெஞ்சுக் குண்டு ஆங்கிலக் குழலில் தளர்ந்து ஓடும், ஆனாலும் சுட முடியும். ஆங்கிலக் குண்டு பிரெஞ்சுக் குழலுக்குள் இறங்காது. ஆகவே பிடிபட்ட பிரெஞ்சுத் துப்பாக்கி வேண்டுமென்றால் அதற்கான குண்டு வார்க்கும் அச்சும் வேண்டும். இல்லையேல் அதன் தோட்டாக்களையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கைப்பற்றியவை, விலைக்கு வாங்கியவை, படையை விட்டு ஓடிவந்தவன் கொண்டுவந்தவை என்று பலவகைத் துப்பாக்கிகள் ஒரு பாளையத்தின் ஆயுதச்சாலையில் கலந்துகிடந்தால், எண்ணிக்கை பெரிதாகத் தெரியும். ஒரு நாள் முழுக்கச் சுடக்கூடியவை அதில் எத்தனை என்பது வேறு கணக்கு.

துப்பாக்கி கிடைப்பது அந்த நூற்றாண்டில் அரிதாக இல்லை என்பதற்குச் சான்று பல உண்டு. தென்கரையில் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர், தரங்கம்பாடி டேனியர் என நான்கு கம்பெனிகள் கடை விரித்திருந்தன. ஒருவர் மறுத்தால் இன்னொருவர் விற்பார். 1753-ல் மாவேலிக்கரையில் டச்சுக்காரர்களோடு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா செய்த உடன்படிக்கையில், டச்சுக் கம்பெனி ஆண்டுதோறும் 12,000 ரூபாய்க்கு ஆயுதமும் வெடிமருந்தும் விற்க வேண்டும் என்று ஒரு விதியே இருந்தது. அந்த விதியில் உள்ள ‘ஆண்டுதோறும்’ என்பதுதான் மார்த்தாண்ட வர்மாவின் மதிநுட்பம். ஒருமுறை வாங்கிக் குவிப்பதில் பயனில்லை, வரத்து நிற்கக்கூடாது என்று அவர் உணர்ந்திருந்தார். மிளகு என்ற மாற்றுப்பொருள் கையில் இருந்ததால் அவரால் அப்படிக் கேட்கவும் முடிந்தது. புன்செய்ப் பயிரும் காவல் வருமானமும் காட்டு வளமும் மட்டுமே கொண்ட அரியலூர், உடையார்பாளையம் போன்ற உள்நாட்டுப் பாளையங்களுக்கு அந்த வசதி இல்லை. அவற்றுக்குத் துறைமுகமும் இல்லை. கம்பெனி ஏங்கிக் கேட்கும் சரக்கும் இல்லை. போர் நடக்கும்போது சிதறும் ஆயுதத்தைச் சேர்த்துக்கொள்வதுதான் அவற்றின் வழி. கர்நாடகப் போர்கள் ஓய்ந்ததும் அந்த ஊற்றும் வற்றியது. 1765-ல் நவாபும் கம்பெனிப் படையும் சேர்ந்து இந்த இரண்டு பாளையங்கள் மீதும் பாய்ந்தபோது, பிரெஞ்சு வல்லமை முறிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இதை வெறும் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

இதற்கு முதல் மறுப்பு வாலிகண்டபுரத்திலிருந்தே எழும். அந்த வெற்றி கிளைவின் துணிச்சலும் அவருடைய மேலதிகாரி லாரன்ஸின் திட்டமும் தந்தது, அதில் கிடங்குக் கணக்கைத் தேடுவானேன் என்று கேட்கலாம். துணிச்சலை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துணிச்சல் எதைக் குறிவைத்தது? ஸ்ரீரங்கத்துக்குப் போகும் வழியை அடைப்பதையும், வழியில் வரும் இருப்பைப் பிடிப்பதையும்தான். 1751-ல் இதே கோட்டையடியில் கலைந்தோடிய படைக்கு உணவும் தளவாடமும் பார்த்துக்கொண்ட அதிகாரியாகக் கிளைவ் வந்திருந்தார். படை எதைத் தின்று எதை எரித்து நகர்கிறது என்பதை அந்த வேலையில் கற்றவர், மறு ஆண்டு எதிரியின் அந்த நரம்பையே அறுத்தார். தளபதியின் திறமை இந்த வாதத்துக்கு எதிரானது அல்ல, அதற்குள் அடங்குவது. விடுவிக்கப்பட்ட சிப்பாய்களையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். வென்றவர்கள் ஆயுதத்தை வைத்துக்கொண்டு ஆளைப் போகவிட்டார்கள். சம்பளம் கொடுப்பவர் பக்கம் வர ஆள் இருந்தார்கள். சம்பளத்தை மாதந்தோறும் கொடுக்க வல்ல கருவூலம்தான் அரிதாக இருந்தது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. மைசூர் என்ன ஆயிற்று? ஐதர் அலி 1780 செப்டம்பரில் பொள்ளிலூரில் கம்பெனித் தளபதி பெய்லியின் படையை அழித்தார். திப்பு சுல்தான் கடைசிவரை கம்பெனியை நடுங்க வைத்தார். பிடித்த ஆயுதமும் பிரெஞ்சு ஆயுதமும் அவர்களுக்குப் பயன்பட்டனவே? பயன்பட்டன, ஏன் என்பதுதான் கேள்வி. மைசூரில் பட்டறை இருந்தது. பீரங்கி வார்க்கும் ஆலைகளும், துப்பாக்கிக் குழல் செய்யும் கொல்லர்களும், ராக்கெட் செய்யும் தொழிலாளர்களும் அரசின் சம்பளத்தில் இருந்தார்கள். அவர்களுக்குப் பிடிபட்ட துப்பாக்கி ஒரு மாதிரி. அதைப் பார்த்து இன்னொன்றைச் செய்தார்கள். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது 929 பீரங்கிகள் கணக்கெடுக்கப்பட்டன. வெளியிலிருந்து வாங்கியும் பிடித்தும் மட்டுமே ஒரு உள்நாட்டு அரசு இந்த எண்ணிக்கையை எட்டியிருக்க இயலாது. மைசூரின் வலிமை என் வாதத்தை உடைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. அந்தப் பட்டறைகளைக் கம்பெனி கைப்பற்றிய பிறகு, தெற்கே எந்த அரசுக்கும் அப்படி ஒரு அடித்தளம் மிஞ்சவில்லை.

மூன்றாவது மறுப்பு நம் மண்ணின் பெருமையிலிருந்து வருவது. அதை மரியாதையோடு எதிர்கொள்ள வேண்டும். 1801-ல் பாளையக்காரர்கள் துப்பாக்கிக்குப் பயந்தா ஒடுங்கினார்கள்? அந்த ஆண்டு பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பினார். அவரும் அவருடைய ஆட்களும் வழியெங்கும் கம்பெனிக் காவலர்களின் ஆயுதங்களைப் பறித்துக்கொண்டு போய், இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களில் மண்ணால் எழுப்பினார்கள். மார்ச் 31 அன்று அதைத் தாக்கிய கம்பெனிப் படை பெருஞ்சேதத்தோடு பின்வாங்கியது. பெரும் பீரங்கிகள் வந்து சேர்ந்த பிறகு மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது. அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி தம் நினைவுக் குறிப்பில் அந்த வீரத்தை வியந்து எழுதியிருக்கிறார். சுவரின் பிளவில் ஏறியவர்களைத் தடுத்து நிறுத்தியது, பதினெட்டு இருபது அடி நீள ஈட்டிகள். இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். பறித்த துப்பாக்கிகள் கைவசம் இருந்தும், அவர்கள் கடைசி நொடிவரை நம்பிய ஆயுதம் ஊர்க் கொல்லர் உலையில் செய்யக்கூடியது, ஊர் மூங்கிலில் செருகக்கூடியது. அதற்குக் கந்தகமும் வேண்டாம், கடல் கடந்து வரும் கல்லும் வேண்டாம். பிறரை நம்பி நிற்கும் ஆயுதத்தையும் தன் மண்ணிலேயே புதுப்பித்துக்கொள்ளக்கூடிய ஆயுதத்தையும் அவர்கள் சரியாகப் பிரித்தறிந்திருந்தார்கள். அவர்கள் ஈட்டியை ஏந்தியதைப் பழைமைப் பற்று என்று எழுதுபவர்கள், அந்த அறிவைக் காணத் தவறுகிறார்கள்.

கம்பெனியும் இதை அறிந்திருந்தது. ஆயுதம் களையும் ஆணை 1799-லேயே பாளையங்களுக்குப் போடப்பட்டது. ஆயுதத்தை வாங்கி வைப்பதாலும் கோட்டையை இடிப்பதாலும் மட்டும் பயனில்லை என்பதை 1801 கிளர்ச்சி காட்டியது. மருது சகோதரர்களையும் ஊமைத்துரையையும் தூக்கிலிட்ட பிறகு, 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் பிரபு ஓர் அறிவிப்பு வெளியிட்டார். வாலிகண்டபுரத்தில் வென்ற கிளைவின் மகன் இவர். தென்சீமைப் பாளையக்காரர்களும் சேர்வைக்காரர்களும் குடிகளும் துப்பாக்கி, திரித்துப்பாக்கி, ஈட்டி என எல்லா ஆயுதங்களையும் ஒப்படைக்க வேண்டும் என்றது அது. அறிவிப்பின் உயிர் அந்த ஆயுதப் பட்டியலில் இல்லை. பாளையக்காரர் இனிப் படை வைத்திருக்கக் கூடாது, கோட்டைகள் இருக்கக் கூடாது என்ற விதிகளில் இருக்கிறது. கொல்லருக்கும் மருந்து இடிப்பவருக்கும் காவல்காரருக்கும் மானியம் கொடுத்துவந்தது பாளையப்பட்டு. அதை நிலவரி கட்டும் ஜமீனாக மாற்றிவிட்டால், ஆயுதம் தானே துருப்பிடித்துவிடும். அப்படியே நடந்தது. துப்பாக்கியைப் பறித்தது நிகழ்ச்சி. அதைச் செய்தும் பழுதுபார்த்தும் வந்த தொழிலின் ஆதரவைப் பறித்தது விளைவு. விளைவே நீண்டது.

எஞ்சிய ஆயுதங்களுக்கு நேர்ந்த கதியைத் தஞ்சை காட்டுகிறது. 1855-ல் மன்னர் இரண்டாம் சிவாஜி மறைந்ததும், நாயக்கர் காலத்திலிருந்து சேர்ந்துவந்த அரண்மனை ஆயுதச்சாலை கம்பெனி வசம் வந்தது. பெரும்பகுதி பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டன. வால்ஹவுஸ் என்ற அதிகாரி 1878-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அதே 1878-ல்தான் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டமும் வந்தது. இந்தியர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு என்றது அது. இடையில் 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, இந்தியச் சிப்பாய்களுக்குக் குழலுக்குள் வரிப்பள்ளம் வெட்டாத, தொலைவுக்குக் குறி தவறும் துப்பாக்கிகளையே தனியாகச் செய்து கொடுத்தார்கள். ஆயுதத்தை மறுக்காமல் அதன் ஆற்றலை மட்டும் மறுத்தார்கள். ஒரு கையில் பழைய ஆயுதம் இரும்புக் கடைக்குப் போக, மறு கையில் புதிய ஆயுதம் அளந்து கொடுக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டிலும் இதே பாடம் திரும்ப வந்தது. 1898 போரில் அமெரிக்கா ஸ்பெயினிடமிருந்து பிடித்த தளவாடங்களில் மிகப் பெரும்பகுதியை நியூயார்க் வணிகர் பிரான்சிஸ் பேனர்மேன் விலைக்கு வாங்கினார். அவற்றை வைக்க ஹட்சன் ஆற்றில் ஒரு தீவையே வாங்கினார். பிடிபட்ட துப்பாக்கி பொதுச் சந்தைக்கு வந்த காலம் அது. அந்தச் சந்தையின் துணையோடு, முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் இந்திய விடுதலைப் போராளிகளுக்காக அமெரிக்காவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகளை வாங்கினார்கள். நம் செண்பகராமன் பிள்ளை பெர்லினில் உறுப்பினராக இருந்த குழுவின் முயற்சிகளோடு இணைந்த திட்டம் அது. துப்பாக்கிகளை ஏற்றிய ஆனி லார்சன் என்ற கப்பல், பசிபிக் பெருங்கடலில் மாவெரிக் என்ற கப்பலைச் சந்தித்துச் சரக்கை மாற்ற வேண்டும். சந்திப்பு நடக்கவில்லை, 1915 ஜூனில் அமெரிக்க அரசு சரக்கைப் பறிமுதல் செய்தது. பணமும் துப்பாக்கியும் இருந்தன, வழி இல்லை. 1942-ல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்ட ஆங்கிலத் துப்பாக்கிகளே இந்திய தேசிய ராணுவத்துக்குக் கிடைத்தன. மலேயாத் தோட்டங்களிலிருந்து அதில் சேர்ந்த தமிழர்களின் தியாகத்துக்குக் குறைவில்லை. அந்தத் துப்பாக்கிக்கான தோட்டாவும் உதிரிப்பாகமும் எதிரியின் ஆலையில்தான் செய்யப்பட்டன. தொத்தேயின் இருப்புக்கும் லாவின் படைக்கும் நடுவே விழுந்த அதே இடைவெளியை இந்த இரண்டிலும் காண்கிறோம்.

பழைய படைத் துப்பாக்கிகளைத் தேடி வாங்கிச் சேர்ப்பது சில நாடுகளில் பெரிய பொழுதுபோக்கு. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ராணுவ அளவுத் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்குத் தடை செய்கிறது. பழுதுபார்த்தாலும் சுட இயலாத, தொன்மை மதிப்புள்ளவற்றுக்கு மட்டும் 45-ஆவது பிரிவில் விலக்கு தருகிறது. இந்த எல்லை நல்லது என்றே கருதுகிறேன். வரலாற்றை அறிய யாரும் சுட்டுப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் துப்பாக்கியை மட்டும் கண்ணாடிக்குள் வைத்தால் வரலாறு வந்துவிடாது. ஆங்கிலக் கம்பெனித் துப்பாக்கியின் விசைத்தகட்டில் இதய வடிவ முத்திரையைப் பார்க்கலாம். 1808-க்குப் பிறகு செய்தவற்றில் சிங்க முத்திரை. எந்த ஆலையில் பிறந்தது, எந்தப் படையில் இருந்தது, எங்கே கைமாறியது, உள்ளூர்க் கொல்லர் எந்தப் பாகத்தை மாற்றினார் என்ற தகவலே அந்த இரும்பைச் சான்றாக்குகிறது. தஞ்சையில் உடைத்து விற்றபோது நாம் இழந்தது இரும்பை மட்டும் அல்ல, இந்தத் தொடர்ச்சியையும்தான்.

ஆகவே ரஞ்சன்குடியில் ஒரு காட்சிக்கூடம் அமையுமானால், அங்கே ஒரு துப்பாக்கிக்குப் பக்கத்தில் குண்டு அச்சும், சிக்கிமுக்கிக் கல்லும், வெடியுப்பு காய்ச்சிய சட்டியும், பாஞ்சாலங்குறிச்சி வகை நீள ஈட்டியும், 1801 அறிவிப்பின் தமிழ் வாசகமும் இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் அங்கே கற்க வேண்டியது, வெள்ளைக்காரனிடம் துப்பாக்கி இருந்தது, நம்மிடம் இல்லை என்ற பொய்யை அல்ல. நம்மிடமும் இருந்தது. அதைச் செய்யும் ஆலையும், மருந்து வரும் துறைமுகமும், மாதச் சம்பளம் தரும் கருவூலமும் ஒரே கையில் குவிந்தன. அந்தக் கை ஆண்டது. ஒரு நாட்டின் விடுதலை அதன் ஆயுதச்சாலையில் எத்தனை துப்பாக்கி இருக்கிறது என்பதைவிட, அதன் கொல்லர் என்ன செய்யத் தெரிந்தவர், யாருக்காகச் செய்கிறார் என்பதைப் பொறுத்தது என்பதே 1752 ஜூன் மாதம் இந்த வட்டாரத்துக்குக் கற்றுத்தந்தது. 1765-ல் அரியலூரும் உடையார்பாளையமும் அதே பாடத்தை என்ன விலை கொடுத்துக் கற்றன என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)